மைக்செட்காரர் பழக்கிய மூவர்: குமரி மாவட்ட மின்னிசைக் குழு ஒன்று மேடை கற்ற விதம்

மின்னிசை என்றதும் சென்னை, பெங்களூரு கிளப்புகளும் ஆள் உயரத்துக்கு அடுக்கிய சப்வூஃபர்களும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இங்கே எடுத்துக்கொண்டிருக்கும் குழு அந்தப் பக்கமே போனதில்லை. ஒரு லேப்டாப், ஒரு சின்தசைசர், குச்சியால் தட்டினால் தாள ஒலி தரும் ஒரு ரிதம் பேட், ஒரு குரல். ஆட்கள் மூன்று பேர். வாசித்த மேடைகள் எல்லாம் தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல், நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில்தான்: கல்லூரி ஆண்டு விழா, சர்ச் திருவிழா, கோயில் கொடை என்கிற ஊர்க் கோயில் விழா, வாலிபர் சங்கத்து ஆண்டு விழா. சிலவற்றில் ஒலிகளைக் கலக்கும் மிக்சரில் உட்கார்ந்தது நான். மற்றவற்றுக்குக் கூட்டத்தோடு நின்று கேட்கப் போயிருக்கிறேன். குழுவின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஊரைச் சொல்லியே எழுதுகிறேன். சின்தசைசரும் லேப்டாப்பும் தக்கலைக்காரர் கையில். பேட் வாசிப்பவர் இரணியல்காரர். பாடுகிறவர் நாகர்கோவில்காரர், சர்ச் குவயரில் வளர்ந்த குரல் அவருக்கு.

இவர்கள் முதலில் எப்படி வாசித்தார்கள், இப்போது எப்படி வாசிக்கிறார்கள் என்று இரண்டு பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டால் அதே ஆட்கள் என்று நம்புவது கஷ்டம். புதுக் கருவி ஏதும் பெரிதாக வாங்கவில்லை. மைக்செட், கரண்ட், ஒதுக்கிக் கொடுத்த நேரம் ஆகிய மூன்றும் மாறி மாறி இவர்களை நெருக்கின. நெருக்கிய ஒவ்வொரு முறையும், அதுவரை தானாக ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று ஒருவரின் கைக்கு வந்து சேர்ந்தது. என் பார்வையில் இவர்களின் வளர்ச்சி என்பது அவ்வளவுதான்.

பிளே பட்டன் காலம்

தொடக்கத்தில் பாட்டுகள் தக்கலையில் ஒரு மாடி அறையில், ஹெட்ஃபோனில் செய்யப்பட்டவை. செய்நேர்த்தியில் குறை சொல்ல முடியாது. மேடைக்கு வரும்போது டிரம்ஸ், பேஸ், பின்னணிக் குரல் எல்லாம் ஒரே டிராக்காக லேப்டாப்பிலிருந்து ஓடும். அதன் மேல் ஒருவர் பாடுவார், ஒருவர் பேடில் அலங்காரமாகச் சில அடிகள் போடுவார், தக்கலைக்காரர் குனிந்து குமிழ்களைத் திருகுவார். அந்தக் குமிழ்களில் பாதி எதோடும் இணைக்கப்படவில்லை என்பது எனக்கும் அவருக்கும் தெரியும்.

பதிவு செய்த டிராக்கைப் போட்டு வாசிப்பதே தவறு என்று சொல்லும் கட்சி அல்ல நான். நம் ஊர் லைட் மியூசிக் குழுக்களில் முன்பே பதிந்து வைத்த இசைக்கோவையான சீக்வென்ஸ் ஓடுவது புதிதல்ல. மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மிடி என்ற இணைப்பு முறை 1983-இல் வந்தது, ரோலண்ட் ஆக்டோபேட் என்ற தாள பேட் 1985-இல் வந்தது. அதற்கப்புறம் கச்சேரி மேடைகளில் நாலு டிரம்காரர் வேலையை ஒரு பேட்காரர் பார்ப்பது சர்வசாதாரணம். கல்லூரி அரங்கங்களில் இவர்களுக்கும் இது செல்லுபடியானது. நல்ல ஸ்பீக்கர், இருட்டு, முன்வரிசையில் நண்பர்கள், வேறென்ன வேண்டும்? கைதட்டல் கிடைத்தது. அந்தக் கைதட்டலை வைத்துத்தான் ஒரு கடற்கரை ஊர்த் திருவிழாவில் வாய்ப்பும் கிடைத்தது.

குழாயில் வராத பேஸ்

திருவிழா ஊர்களில் மேடைக்கு இரண்டு பக்கமும் பெட்டி ஸ்பீக்கர் இருக்கும். அதோடு தெரு நீளத்துக்குக் கம்பம் கம்பமாகக் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். ஊரில் முக்கால்வாசிப் பேர் நிகழ்ச்சியைக் கேட்பது அந்தக் குழாயில்தான். வீட்டுத் திண்ணையில் இருப்பவர், வலை பின்னிக்கொண்டிருப்பவர், பஜ்ஜிக் கடையில் நிற்பவர் எல்லாருக்கும் அதுதான் மேடை. குழாய் ஒலிபெருக்கியில் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் வராது. பேச்சும் பாட்டும் தெளிவாகப் போய்ச் சேருவதற்காகச் செய்த சாமான் அது.

மின்னிசையின் உயிர் கிடப்பது 40-இலிருந்து 100 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில். கிக் டிரம், பேஸ் இரண்டும் அங்கேதான். அன்றைக்கு மேடைப் பெட்டிகளுக்கு முன்னால் நின்ற சிறுவர்களுக்குப் பாட்டு கிடைத்தது. தெருவுக்கு டிக் டிக் என்று ஹைஹேட்டும், கொஞ்சம் குரலும் மட்டும் போனது. அது மட்டுமா, சின்தசைசரின் முக்கியமான மெட்டே காணாமல் போய்விட்டது. தக்கலைக்காரர் வயரைச் சந்தேகப்பட்டார். வயரில் ஒன்றுமில்லை. அந்த மெட்டு ஹெட்ஃபோனில் அகலமாகக் கேட்க வேண்டுமென்று இடது பக்கமும் வலது பக்கமும் எதிரெதிர் அலைகளாகப் பரப்பிச் செய்யப்பட்டிருந்தது. மைக்செட்டில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தவுடன் ஒன்றையொன்று அழித்துக்கொண்டது. திருவிழா மைக்செட் எல்லாமே மோனோ, அதாவது இடது வலது பிரிக்காத ஒற்றை ஒலி என்பது அந்த மாடி அறைக்குத் தெரியாது.

மைக்செட் அண்ணன் ஐம்பது வயது கடந்தவர். மேடைக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "மக்கா, ஒனக்க பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா பாதிப் பாட்ட நீ எனக்க பெட்டிக்கு மட்டும் வாசிச்ச. குழாய்க்கு ஒண்ணும் வாசிக்கல்ல." இந்தக் கதை முழுவதிலும் எனக்கு மிக உதவியான கருத்து இதுதான். இதற்கு ஒலிப் பொறியியல் பாஷையில் நீளமான விளக்கம் கொடுக்கலாம். அவர் சொன்னதில் எல்லாமே அடங்கிவிட்டது.

அதற்கப்புறம் செய்த திருத்தம் எளிமையானது. 55 ஹெர்ட்ஸ் பேஸ் சுரம் ஒன்று இருக்கிறதென்றால், அதன் மேல்சுரங்கள் 110, 165, 220 என்று 55-இன் மடங்குகளாக ஏறிக்கொண்டே போகும். 330, 385, 440 எல்லாம் குழாயில் வரும். அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளி 55 என்பதால், அடிச்சுரம் வராவிட்டாலும் காது அதை ஓரளவு ஊகித்துக்கொள்ளும். ஆகவே பேஸுக்குக் கொஞ்சம் டிஸ்டார்ஷன், அதாவது ஒலியைக் கரடாக்கும் விளைவு, சேர்த்து மேல்சுரங்களைத் தடிப்பாக்கினார்கள். கிக்கோடு ஒரு கட்டைத் தட்டல் ஒலியைச் சேர்த்தார்கள். அகலப்படுத்தும் வேலைகள் அனைத்தையும் கழற்றினார்கள். அன்றிலிருந்து ஒரு பாட்டு முடிந்தது என்று சொல்ல வேண்டுமென்றால், அதை மோனோவில், ஒரு பழைய செல்ஃபோன் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டாக வேண்டும் என்பது குழுவின் சட்டம்.

இதில் வேறொரு லாபமும் இருந்தது. கருவிகள் ஒன்றோடொன்று மோதாமல் கேட்க வேண்டுமென்றால் ஒரே நேரத்தில் ஒலிப்பவற்றின் எண்ணிக்கையைக் குறைத்தாக வேண்டும். பதினாறு டிராக் இருந்த பாட்டு ஆறுக்கு வந்தது. ஆறு என்றால் மூன்று பேர் கையில் அடங்கும்.

கரண்ட்

கரண்ட் விஷயத்தில் கதை சுருக்கம். லேப்டாப் சார்ஜர் சொருகியவுடன் ஸ்பீக்கரில் ம்ம்ம் என்று ஒரு இரைச்சல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், இரைச்சல் அதிலும் அதன் மடங்குகளிலும் வரும். லேப்டாப்புக்கு ஒரு எர்த், மிக்சருக்கு ஒரு எர்த் என்று இரண்டு வழி இருப்பதால் வருகிற கோளாறு. ஊரில் பலர் இதற்குச் செய்யும் வைத்தியம் பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்கிவிடுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மழைக்காலத்தில், ஈரத் தரையில், இரும்பு மைக்கை வாயருகே பிடித்துக்கொண்டு பாடுகிறவர் உயிரோடு விளையாடுவதாகும் அது. லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவே, இரண்டின் மின்தொடர்பையும் பிரித்துவிட்டு ஒலியை மட்டும் கடத்தும் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் ஒன்றை வைத்தால் இரைச்சல் போய்விடும். இவர்கள் முதலில் வாங்கிய ஒரே உருப்படியான சாமான் அந்தப் பெட்டிகள்தான்.

அதை வாங்குவதற்கு முன் பேட்டரியிலேயே ஓட்டிப் பார்த்தார்கள். இரைச்சல் போனது. ஆனால் லேப்டாப் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று வேகத்தைக் குறைக்க, பாட்டு நடுவில் பொரிந்தது. பொரியாமல் இருக்க, லேப்டாப் ஒலியை ஒரு தடவைக்கு எத்தனை மாதிரிகளாகச் சேர்த்து வைத்து அனுப்புகிறது என்ற பஃபரை 128-இலிருந்து 512-க்கு ஏற்றினார்கள். வினாடிக்கு 48,000 மாதிரிகள் என்ற கணக்கில் 128 என்பது 2.7 மில்லிசெகண்ட், 512 என்பது 10.7. உள்ளே வரும்போது ஒரு தரம், வெளியே போகும்போது ஒரு தரம் என்று சேர்ந்து, பேடில் அடித்த அடி காதில் கேட்க இருபது மில்லிசெகண்டைத் தாண்டும். இரணியல்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். "நான் அடிக்கது ஒரு எடம், சத்தம் வாறது வேற எடம்" என்று அவர் சொன்னது மிகையல்ல. தாளக்காரருக்கு அந்த இடைவெளி நன்றாகவே தெரியும்.

கடைசியில் பேடை லேப்டாப்பிலிருந்து பிரித்து, அதன் சொந்த ஒலிகளை நேரே மிக்சருக்கு அனுப்பினார்கள். தாளம் லேப்டாப்பை விட்டு வெளியே வந்தது இப்படித்தான். அதன் பலன் இன்னொரு நாள் தெரிந்தது. ஜெனரேட்டர் மாற்றும்போது சின்தசைசர் அணைந்து, மறுபடி உயிர்பெற நேரம் எடுத்துக்கொண்டது. பேட் ஒரு சிறிய யுபிஎஸ்ஸில் இருந்ததால் தாளம் நிற்கவில்லை. பாடுகிறவர் அந்த வெற்றுத் தாளத்தின் மேலேயே பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார். சின்தசைசர் திரும்பி வந்தபோது கூட்டம் அதை ஏற்பாடு என்றே நினைத்துக் கத்தியது. இப்போது அந்தப் பாட்டில் அந்த இடம் நிரந்தரமாகவே அப்படித்தான்.

நூறு மீட்டர் தள்ளி ஒரு எதிரொலி

தெருக்கோடியில் கட்டிய குழாய் மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வயரில் ஒலி உடனே போய்விடும். அங்கிருந்து காற்றில் மேடைக்குத் திரும்பி வர ஏறத்தாழ 0.3 வினாடி ஆகும். நிமிடத்துக்கு 124 தாள அடி வேகத்தில் பாட்டு ஓடினால் ஒரு அடிக்கு அரை வினாடிக்கும் குறைவு. திரும்பி வரும் ஒலி எந்தத் தாளத்திலும் சேராமல் இரண்டுங்கெட்டான் இடத்தில் விழும். பாடுகிறவர் அதைக் கேட்டுக்கொண்டே தாமதமாவார், தூரத்தில் கைதட்டுபவர்களோ இன்னும் தாமதமாவார்கள்.

வழக்கமான தீர்வு காதுக்குள் மானிட்டர், அதாவது தாங்கள் வாசிப்பதைத் தாங்களே கேட்கும் இயர்ஃபோன். அதைச் செய்தார்கள், மலிவு ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வைத்து. ஆனால் காதை அடைத்துக்கொண்டதும் மூன்று பேரும் கூட்டத்தை விட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். முகம் பார்த்தாலே தெரிந்தது. பாடுகிறவர் ஒரு காதைக் கழற்றிப் பார்த்தார். அடைத்த காதில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கும், காதுக்கு அது நல்லதல்ல. மேடை ஓரத்தில் கூட்டத்தைப் பார்த்து ஒரு மைக்கை வைத்து, அதை ஸ்பீக்கருக்கு அனுப்பாமல் இவர்கள் காதுக்கு மட்டும் அனுப்பச் சொன்னேன். சின்ன வேலை, பெரிய வித்தியாசம்.

வேகத்துக்கு அவர்களே ஒரு வழி கண்டார்கள். இரண்டு பாட்டுகளை 100-க்கு இறக்கினார்கள். 100-இல் ஒரு அடிக்கு 0.6 வினாடி. நூறு மீட்டர் குழாயின் எதிரொலி சரியாக அரை அடியில் வந்து விழும், யாரோ ஒத்து வாசிப்பதுபோல. எல்லாத் தெருவும் நூறு மீட்டரா என்று கேட்காதீர்கள். இல்லைதான். ஆனால் நிகழ்ச்சிக்கு முன் ஒருவர் பேடில் ஒரே அடி அடிப்பது, மற்றவர் எதிரொலியைக் கேட்டு வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவது அல்லது குறைப்பது என்பது இப்போது இவர்களின் சவுண்ட் செக்கில் ஒரு பகுதி. வேகத்தைக் கையில் எடுத்த முதல் சந்தர்ப்பம் அது.

"பாட்டு எப்பம்டே தொடங்கும்?"

திருவிழாவில் முக்கிய நிகழ்ச்சி கானமேளா என்கிற மெல்லிசைக் கச்சேரியோ நாடகமோ ஆக இருக்கும். இவர்களுக்குக் கிடைப்பது அதற்கு முந்தின நேரம். நோட்டீசில் நாற்பது நிமிடம் என்று போட்டிருக்கும். அதற்கு முன் பரிசளிப்பு, வாழ்த்துரை, பொன்னாடை. ஒலி மாசு விதிகள், 2000-இன்படி இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. விழாக்காலங்களுக்கு மாநில அரசு ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாட்கள் நள்ளிரவு வரை தளர்த்தலாம். தளர்வு இல்லாத நாளில் கமிட்டிக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார், நறுக்கப்படுவது எப்போதும் முதல் நிகழ்ச்சியின் நேரம். நாற்பது பதினைந்தாகும். சில சமயம் தலைகீழாக, கானமேளா வண்டி தாமதமாகி, "தம்பி, இன்னும் அரை மணிக்கூர் வாசிங்க" என்று பின்னாலிருந்து குரல் வரும்.

ஏழு நிமிட டிராக்கை நடுவில் வெட்ட முடியாது, இழுக்கவும் முடியாது. போதாததற்கு, அந்த ஏழு நிமிடத்தில் முதல் இரண்டரை நிமிடம் மெல்ல மெல்ல ஏறும் ஒலிக்கோவை. கிளப்பில் இதுதான் ருசி. நாற்காலியில் குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும் ஊருக்கு அது மைக் டெஸ்டிங். ஒரு கமிட்டிப் பெரியவர் மேடை ஓரம் வந்து, கோபமே இல்லாமல், உண்மையான சந்தேகத்தோடு கேட்டார்: "பாட்டு எப்பம்டே தொடங்கும்?"

தக்கலைக்காரருக்கு அன்று வருத்தம்தான். ஊருக்கு ரசனை இல்லை என்ற ரீதியில் கொஞ்ச நாள் பேசினார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதே ஊர் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்கும், செண்டை மேளத்தில் ஒரே தாளம் மணிக்கணக்காக ஏறுவதை நின்று பார்க்கும். அவர்களுக்குப் பொறுமை உண்டு. செண்டையில் எந்தக் கை எந்தச் சத்தத்தைப் போடுகிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. லேப்டாப் மூடியின் பின்னால் குனிந்திருப்பவர் என்ன செய்கிறார் என்று யாருக்குத் தெரியும்? மின்னஞ்சல் பார்க்கிறாரோ என்னவோ.

இதற்கு முதலில் கண்ட வழி தப்பான வழி: புரொஜெக்டர் வைத்துப் படம் காட்டுவது. பொழுது சாயும் முன் திரையில் ஒன்றும் தெரியவில்லை, ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு மேடையில் காற்று திரையையே கொண்டுபோய்விட்டது. காற்றாலைகளை எதற்கு அங்கே நட்டிருக்கிறார்கள் என்று யோசித்திருக்கலாம். அப்புறம் லேப்டாப்பைத் தரையில் இறக்கி, சின்தசைசரைச் சாய்த்து, சாவிகள் கூட்டத்துக்குத் தெரியும்படி நிறுத்தினார்கள். பேடை மேடை நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். செலவே இல்லாத இந்த மாற்றம் புரொஜெக்டர் செய்யாததைச் செய்தது.

பெரியப்பாவின் உடுக்கை

இரணியல்காரரின் பெரியப்பா கொடைகளில் வில்லுப்பாட்டுக் குழுவோடு உடுக்கை அடிப்பவர். ஊர்ச் சாயல் வேண்டும் என்று நினைத்து, அவருடைய உடுக்கையில் சில அடிகளைப் பதிவு செய்து பேடில் ஏற்றினார்கள். மின்னிசைக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். முடித்த பாட்டைப் பெரியப்பாவிடம் போட்டுக் காட்டியபோது அவர் கேட்டார்: "இது என்னடே, ஒரே அடியத் திருப்பித் திருப்பி அடிக்கான்? கயிறப் பிடிக்கவே இல்லியே."

உடுக்கையின் இடுப்பில் ஓடும் கயிற்றை இடது கை அழுத்தினால் தோல் இறுகிச் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். அடி வலது கையில், பேச்சு இடது கையில். பதிவில் வந்தது வலது கை மட்டும். சரி, சுருதியை ஏற்றி இறக்க ஒரு குமிழை வைத்தார்கள். மிடியில் சாதாரணக் கட்டுப்பாட்டுக்கு 128 படிகள்தான் உண்டு. ஒரு ஸ்தாயி மேலே, ஒரு ஸ்தாயி கீழே என்று 24 அரைச்சுரங்களை 128 படியில் பிரித்தால் ஒவ்வொரு படியும் காதுக்குத் தெரியும், குழைவுக்குப் பதில் படிக்கட்டு கேட்கும். பிட்ச் பெண்ட் என்று தனியாக ஒரு வழி இருக்கிறது, அதற்கு 16,384 படிகள். அதற்கு மாற்றியதும் குழைவு வந்தது. ஆனால் பிட்ச் பெண்ட் சக்கரத்தை உருட்டும் கை, கயிற்றை அமுக்கும் கை அல்ல. விட்டால் தானாகவே மையத்துக்குத் திரும்பும் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன நெம்புகோலை இரணியல்காரர் இடது கைக்குப் பொருத்திக்கொண்டு, மாதக்கணக்கில் பெரியப்பா வீட்டில் உட்கார்ந்தார். இப்போது அவர் அதை வாசிக்கும்போது இடது தோள் சற்றே உயர்வதைப் பார்க்கலாம். பெரியப்பாவுக்கும் அதே தோள்தான் உயரும்.

அங்கே உட்கார்ந்ததில் உடுக்கையை விடப் பெரிய விஷயம் ஒன்று கிடைத்தது. கொடையில் வில்லுப்பாட்டுக்குக் கால அளவு யார் வைப்பது? புலவர் கதையைப் பாடிக்கொண்டு வருவார். வீசுகோலால் வில்லைத் தட்டும் கை அவருடையது. குடம், உடுக்கை, தாளம், கட்டை எல்லாம் அதைப் பின்தொடரும். ஆனால் அவருடைய கண், சாமி வந்து ஆடும் கோமரத்தாடியின் மேல். சாமி வரும் நேரம் நெருங்குகிறது என்று தெரிந்தால் உடுக்கை இறுகும், வேகம் ஏறும். இன்னும் வரவில்லை என்றால் அதே இடத்தை வேறு சொல்லில் சுற்றிச் சுற்றிப் பாடுவார். பாட்டு சுருங்கவும் விரியவும் இடம் வைத்தே கட்டப்பட்டிருக்கிறது. ஒழுகினசேரிக்காரரான கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இதே வில்லை வைத்துக்கொண்டு காந்தி கதை சொல்ல முடிந்ததற்கும் இந்த இடம்விட்ட கட்டுமானம்தான் காரணம் என்பேன்.

நாற்பது நிமிடம் பதினைந்தாகும் குழுவுக்கு இதைவிடத் தேவையான பாடம் எது? ஏழு நிமிட டிராக்குகளைத் துண்டு துண்டாக்கினார்கள். ஒவ்வொரு துண்டும் அடுத்த சைகை வரும்வரை சுழன்றுகொண்டே இருக்கும். வேகம் லேப்டாப்பின் சொல்படி நடந்தது போய், இரணியல்காரரின் காலுக்குக் கீழே ஒரு மிதி வந்தது. அவர் நான்கு தட்டு தட்டினால் லேப்டாப் அதன் சராசரியைப் பிடித்துக்கொண்டு, ஒரு அடிக்கு 24 துடிப்பு வீதம் சின்தசைசருக்குச் சொல்லும். முதலில் ஒவ்வொரு தட்டுக்கும் வேகம் எகிறிக் குதித்தது; சராசரி எடுக்கச் சொன்ன பிறகு அடங்கியது. தக்கலைக்காரருக்கு இது எளிதாக இருக்கவில்லை. தான் செய்த பாட்டின் கடிவாளம் இன்னொருவர் காலில் இருப்பதை ஏற்க அவருக்கு நாளானது.

ஒரு பாட்டு, அருகிலிருந்து

இவர்களின் இப்போதைய பாட்டுகளில் எனக்குப் பிடித்தது ஒரு தாலாட்டு மெட்டிலிருந்து கிளம்புவது. பாடுகிறவர் தொடங்கும்போது கருவி எதுவும் இல்லை. முதல் வரியிலேயே பாட்டு. அந்தக் கமிட்டிப் பெரியவருக்கு நன்றி. இரண்டாம் வரியில் சின்தசைசர் சுருதியாக நுழைகிறது. தக்கலைக்காரர் இரண்டு விரலால் இரண்டு சாவியை அழுத்திக்கொண்டு நிற்பது எல்லாருக்கும் தெரிகிறது. அவர் விரலை எடுத்தால் சுருதி நிற்கிறது.

தாளம் வந்த பிறகு, வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் போடும் "ஆமா" வருகிறது. இதைப் பதிவு செய்து பேடில் வைக்கலாம் என்று ஒரு யோசனை இருந்தது. நல்லவேளை, வைக்கவில்லை. இரணியல்காரர் முன்னால் ஒரு மைக் இருக்கிறது, அவரே வாயால் சொல்கிறார். பாடுகிறவர் ஒரு வரி கேள்வியாகப் பாட, அவர் "ஆமா" என்கிறார். மூன்றாவது முறை அவர் வாயைத் திறக்காமல் குச்சியைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுகிறார். கொடைக்கு வந்த ஊருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, தாத்தா காலத்திலிருந்து சொல்லிவரும் சொல். நாற்காலியிலிருந்தே "ஆமா" வருகிறது.

அந்த இடத்தில் பாடுகிறவர் கூட்டத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார். உள்ளங்கையைக் கீழ்நோக்கிக் காட்டினால் இன்னொரு சுற்று, மூடிய கை என்றால் அடுத்த துண்டு. காதோரத்தைத் தொட்டால் கமிட்டிக்காரர் நேரம் முடிந்தது என்கிறார், நேரே முடிவுக்குப் போகலாம். இந்தப் பாட்டு நாலு நிமிடத்தில் முடிந்தும் கேட்டிருக்கிறேன், கால் மணி நேரம் ஓடியும் கேட்டிருக்கிறேன். இரண்டும் முழுப் பாட்டாகவே இருந்தன.

நகரத்து மேடையில் இதே பாட்டைக் கேட்டால் எப்படி இருக்கும்? கல்லூரி ஒன்றில் கேட்டேன். "ஆமா" அவ்வளவாக எடுபடவில்லை. பையன்களுக்கு வேகம்தான் வேண்டியிருந்தது. பாடுகிறவர் இரண்டே சுற்றில் மூடிய கையைக் காட்டி, வேகமான துண்டுக்குப் போய்விட்டார். முன்பென்றால் டிராக் முடியும்வரை அந்தச் சங்கடத்தில் நின்றிருப்பார்கள்.

இப்போது உள்ள தகராறு

குழு இப்போது நிகழ்ச்சிக்கு முன் ஒரு பக்கக் காகிதம் அனுப்புகிறது. எத்தனை மைக், எத்தனை லைன், எர்த் உள்ள பிளக் எத்தனை, வெயில் நேரம் என்றால் லேப்டாப்புக்கு மேல் நிழல் வேண்டும், கடற்கரை என்றால் கருவிகளை மூட ஷீட் வேண்டும். எல்லாம் தமிழில், மைக்செட்காரர்கள் பேசும் வார்த்தையிலேயே. எல்லாமே நேரில் அடிபட்டு எழுதியவை. உப்புக்காற்றில் ஜாக்குகள் பச்சை பூத்துக் கரகரக்கும், வெயிலில் லேப்டாப் சூடேறி வேகம் குறைத்துக்கொள்ளும். காகிதம் போனாலும் பாதி மேடையில் பாதிதான் இருக்கும். ஆனால் மைக்செட்காரர் முன்கூட்டியே ஃபோன் செய்து பேசுகிறார், அதுவே போதும்.

தீராத விஷயம் ஒன்று இருக்கிறது. வண்டி வாடகையும் சாப்பாடும் போனால் கையில் பெரிதாக நிற்பதில்லை என்பதால், நாலாவதாக மிக்சருக்கு ஆள் வைத்துக்கொள்ள முடியவில்லை. டிஜிட்டல் மிக்சர் கிடைக்கும் இடங்களில் தக்கலைக்காரர் மேடையிலிருந்தே டேப்லெட்டில் மிக்ஸ் செய்கிறார். எனக்கு இதில் உடன்பாடில்லை. மேடையில் நிற்பவர் காதில் மானிட்டர் இருக்கிறது, குழாயில் என்ன போகிறது என்று அவருக்குத் தெரியாது. டேப்லெட்டைப் பார்க்கக் குனிந்தால், கஷ்டப்பட்டு நிமிர்ந்த தலை மறுபடியும் கீழே போய்விடுகிறது. ஊர் மைக்செட்காரரிடம் துண்டுகளின் வரிசையை எழுதிக் கொடுத்து, எந்த இடத்தில் குரலை ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவரிடமே விட்டுவிடுங்கள் என்கிறேன். அவருக்கு அந்த ஊரின் குழாய் தெரியும். தக்கலைக்காரர் அரைமனதோடு கேட்டுக்கொண்டு, அடுத்த மேடைக்கும் டேப்லெட்டோடுதான் வருகிறார். இரணியல்காரர் என் பக்கம். பாடுகிறவர் இன்னும் வாய் திறக்கவில்லை.